செட்டிநாட்டு வளமனைகள்



காங்கேசன்துறையிற் பிறந்து வளர்ந்தவர்கள் கடலை ஒரு பாதையாகவே எண்ணிப் பழகியவர்கள். மாவிட்டபுரத்து முருகப்பெருமானின் திருவுருவமாகிய காங்கேயன் அக்கரையிலிருந்து வந்து இறங்கிய துறை இதுவென்றும், அதனாலேயே இப்பெயர் வாய்த்ததென்றும் எங்கள் ஊர் முதியோர் சொல்லுவர். ஐதிகம் எவ்வாறாயினும், இருகரைக்கும் இடையே மக்களும் பொருள்களும் சொற்களும் போய்வந்தமைக்குச் சான்றுகள் பலவுண்டு. நெடுங்காலம் தடைப்பட்டிருந்த பயணிகள் போக்குவரத்து, 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மீண்டும் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வேறொரு கப்பல் இத்தடத்தில் ஓடலாயிற்று. அக்கப்பலின் பெயர் ‘சிவகங்கை’.

சிவகங்கை என்பது தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்தின் பெயர். அம்மாவட்டத்திலும் அதனையடுத்த புதுக்கோட்டை மாவட்டத்திலும் பரந்து கிடப்பதே செட்டிநாடு. பாடசாலை விடுமுறையொன்றில் அக்கப்பலேறி நாகபட்டினஞ் சென்று, தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடியை அடைந்து, சில நாட்கள் அப்பகுதி ஊர்களைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதனையடுத்தும் அங்கு எழுந்த பெருமனைகளின் வரலாற்றையும், அவற்றின் கட்டடக்கலைச் சிறப்பையும் இவ்வுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றேன். இதனைப் பேசுதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை ஈற்றிற் கூறுவேன்.

செட்டிநாடு என்பது எந்த அரசினதும் பெயரன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் வணிகப் பெருமக்கள் வாழும் ஊர்களின் தொகுதிக்கு வழங்கும் பெயர் அது. பண்டு 96 ஊர்கள் இருந்தன என்பது மரபு. இன்று எழுபதுக்குச் சற்று மேற்பட்ட ஊர்களே எஞ்சியுள்ளன. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர் என்பன அவற்றுட் சில. நகரத்தார் யாவரும் ஒன்பது கோயில்களைச் சார்ந்த பிரிவினராவர். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்பன அவ்வொன்பது. ஒரே கோயிற் பிரிவைச் சார்ந்தோர் உடன்பிறந்தார் போலக் கருதப்படுவர்.

தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வெளியேறிப் பாண்டிநாட்டில் வந்து குடியேறியவர்கள் என்பது இம்மக்களின் நீண்டகால நம்பிக்கை. சிலப்பதிகாரத்தின் வாயிலாக நாம் அறியும் கடல்வணிகர் வாழ்ந்த நகரம் அது. செட்டிநாடோ கடலிலிருந்து உள்ளே தள்ளிய, வானம் பார்த்த செம்மண் பூமி. இருந்தும் வீடுகள் யாவும் தெருமட்டத்திலிருந்து உயர்ந்த பீடத்தின்மீது கட்டப்பட்டிருக்கின்றன. கடல்கொண்ட பட்டினத்தின் நினைவே இவ்வுயரத்துக்குக் காரணம் என்று அவ்வூர்ப் பெரியவர்கள் சொல்லுகின்றனர். இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் அரிது. எனினும், ஒரு மக்கட் கூட்டம் தன் பழைய துன்பத்தைக் கட்டடத்தில் வைத்து நினைந்து வருகின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

தொடக்கத்தில் உப்பும் நெல்லும் துணியுமாக உள்நாட்டு வணிகஞ் செய்துவந்த நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கடல்கடந்து கால்வைத்தனர். அவர்கள் முதலில் வந்த நாடுகளுள் நம் இலங்கையும் ஒன்று. கொழும்பிலே செட்டியார் தெருவும், அங்குள்ள கதிரேசன் கோயில்களும், ஆடிவேல் விழாவும் அவ்வரவின் அடையாளங்கள். கோப்பித் தோட்டக் காலத்தில் அரிசி இறக்குமதி செய்தும் கடன் வழங்கியும் அவர்கள் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தனர். பினாங்கு, சிங்கப்பூர், மலாயா ஆகிய இடங்களிலும் அவர்கள்தம் ‘கிட்டங்கி’கள் எழுந்தன. கிட்டங்கி என்பது பல கடைக்காரர் ஒருங்கே இருந்து கொடுக்கல் வாங்கல் செய்யும் நீண்ட கூடம். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு கணக்குப் புத்தகம், அவ்வளவே.

எனினும், செட்டிநாட்டின் பெருஞ்செல்வத்துக்கு மூலமாயிருந்தது பர்மா. 1852 ஆம் ஆண்டுப் போரின்பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869 இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது; ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி பெருகிற்று. ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தின் சதுப்புக் காடுகள் வயல்களாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 10 இலட்சம் ஏக்கருக்குக் குறைவாயிருந்த கீழ்ப்பர்மிய நெல்வயற் பரப்பு, 1930 ஆம் ஆண்டளவில் 80 இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. காடு வெட்டி நிலந் திருத்தும் குடியானவனுக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அவனை நம்பவில்லை. அவ்விடத்தை நிரப்பியவர் செட்டியார். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் முகவராகச் சென்று, கடையை நடத்திக் கணக்கொப்புவித்துத் திரும்புவது அவர்கள் வழக்கம். சிறுவர்கள் பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, பின்னர் மேலாளாவர்.

இவ்வாறு ஈட்டிய பொருள் எங்கே சென்றது? ஒரு பகுதி கோயில்களுக்குச் சென்றது. ஒரு பகுதி கல்விக்குச் சென்றது. 1929 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தானைச் சேர்ந்தவர். அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர் நம் ஈழநாட்டுச் சுவாமி விபுலாநந்தர் என்பதை நேயர்கள் அறிவீர்கள். எஞ்சியதொரு பெரும்பகுதி வீடாயிற்று. இரங்கூனிலும் மோல்மேனிலும் கிட்டங்கியிற் பாய்விரித்துப் படுத்த மனிதர், தாம் பிறந்த சிற்றூரில் அரண்மனைகளைக் கட்டினர்.

இக்கட்டடங்கள் யாவும் ஒரே காலத்தன அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்ட வீடுகள் அளவாற் சிறியன. ஓட்டுக் கூரையும், முற்றமும், திண்ணையும் கொண்டவை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே தேக்கும் கருங்கல்லும் மிகுதியாகப் புகுந்தன, கட்டுகள் பெருகின. அதன்பின், 1900 முதல் 1940 வரையான காலத்தில் மேல்மாடிகளும், ஐரோப்பிய முகப்புகளும், வண்ணக் கண்ணாடிகளும், சுதைச் சிற்பங்களும் வந்து சேர்ந்தன. கானாடுகாத்தானிலுள்ள செட்டிநாட்டு அரண்மனை 1902 இல் தொடங்கி 1912 இல் நிறைவெய்தியதென்பர். ஆத்தங்குடிப் பெரிய வீடு 1930 ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. காரைக்குடியிலுள்ள ‘ஆயிரம் ஜன்னல் வீடு’ 1941 ஆம் ஆண்டினது. ஆதலின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் முளைத்து இருபதாம் நூற்றாண்டிற் பூத்த மரபு இது எனலாம்.

முதலில் ஊரமைப்பைக் காண்போம். தெருக்கள் நேராக ஓடி ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டுகின்றன. ஒவ்வொரு மனையும் ஒரு தெருவில் முன்வாசலையும், அடுத்த தெருவிற் பின்வாசலையும் உடையது. ஒரு வீட்டின் முன்புறத்தில் நிற்பவர், கதவுகள் யாவும் திறந்திருக்குமாயின், முற்றங்கள் பலவற்றை ஊடறுத்து மறுதெருவின் வெளிச்சத்தைக் காணலாம். நானும் அவ்வாறு நின்று நோக்கினேன். ஒளியும் நிழலும் மாறிமாறிச் சென்று, தொலைவில் ஒரு சிறு சதுரமாகப் பகல் தெரிந்தது.

வீட்டின் உட்பிரிவுகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்கள் இனியவை. தெருவையடுத்து முகப்பு. அதன் இருமருங்கும் உயர்ந்த திண்ணைகள். வணிகர் அமர்ந்து கணக்குப் பார்த்ததும், விருந்தினர் இளைப்பாறியதும் அங்கேதான். அடுத்து, நிலைவாசல். பர்மாத் தேக்கில் இழைத்த கதவு, மேலே கயலட்சுமி, சுற்றிலும் கொடியும் மயிலும் யாளியும். ஒரு கதவைப் பார்த்து முடிக்க ஒரு நாழிகை போதாது. அதனைக் கடந்தால் முதற்கட்டு. நடுவே வானந் தெரியும் முற்றம். சுற்றிவரத் தூண் நிரைத்த நடை. நடையை ஒட்டி வரிசையாக அறைகள். இப்பகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘வளவு’. அதற்குப் பின்னே இரண்டாங்கட்டு. அங்கே உணவருந்தும் கூடம். மூன்றாங்கட்டிலே சமையற்கட்டும் ஆட்டுக்கல்லும் அம்மியும் உரலும். அதற்கும் அப்பால் கிணறும் தோட்டமும்.

வளவு என்னும் சொல்லைக் கேட்டவுடன் என் மனம் சற்று நின்றது. யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் வீடும் கிணறும் மரங்களும் அடங்கிய, வேலி சூழ்ந்த காணி முழுவதையுங் குறிக்கும். அங்கே அச்சொல் வீட்டின் நடுவகத்தைக் குறிக்கின்றது. சூழ்ந்திருப்பது என்ற பொருள் இரண்டுக்கும் பொதுவாதல் தெரிகின்றது. நாம் நிலத்தைச் சூழ்ந்து வேலியிட்டோம். அவர்கள் வானத்தைச் சூழ்ந்து அறைகளை இட்டனர்.

இனி, அவ்வறைகள் எதற்கு? மணமான ஒவ்வோர் ஆடவனும் அவன் மனைவியும் சேர்ந்து ஒரு ‘புள்ளி’ எனப்படுவர். கோயில் வரி புள்ளிக் கணக்கிலேயே வசூலிக்கப்படும். மகனுக்கு மணமானதும் வளவைச் சுற்றியுள்ள அறைகளுள் ஒன்று அவனுடைய புள்ளிக்கு உரியதாகும். பெற்றோர் அவனை ‘வேறு வைப்பர்’. அதாவது, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அவன் மனைவி தனியே அடுப்பு மூட்டித் தன் குடும்பத்தை நடத்துவாள். பெருஞ்சடங்குகளுக்கு வீடு ஒன்று. அன்றாடச் செலவுக்கு வீடு பல. கூட்டு வாழ்வையும் தனிவாழ்வையும் ஒரு கட்டட வரைபடத்துக்குள் இவ்வளவு தெளிவாக இணைத்து வைத்த மக்கள் அரியர். திருமணமும் அறுபதாம் ஆண்டு நிறைவும் அவ்வளவிலேயே நிகழும். பெண்ணுக்குக் கொடுத்த சீர்ப்பொருள்களாகிய வெண்கலமும் பித்தளையும் எனாமற் பாத்திரங்களும் அறைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

ஆடவர் மூன்றாண்டுக் கணக்குக்காகக் கடல்கடந்திருந்த காலத்தில் இம்மனைகளை ஆண்டவர் யார்? பெண்களே. அங்கே மணமான பெண்டிரை ‘ஆச்சி’ என்று மரியாதையாக அழைப்பர். யாழ்ப்பாணத்தில் நாம் பாட்டியை அழைக்கும் அதே சொல். நெல் அளப்பதும், வேலையாட்களுக்குக் கூலி கொடுப்பதும், கொத்தனாரோடு வழக்காடுவதும் ஆச்சியின் பொறுப்பாயிருந்தன. கணவன் கடிதத்தில் அனுப்பிய விருப்பத்தைச் சுவராகவும் தூணாகவும் ஆக்கியவர்கள் அவர்களே. ஓய்ந்த நேரத்தில் பனையோலையிலே வண்ணக் ‘கொட்டான்’ பின்னினர். நம் பனங்கட்டிக் குட்டானை அறிந்தவர்களுக்கு அச்சொல்லும் அப்பொருளும் அயலாகத் தோன்றா.

கட்டுமானப் பொருள்களை நோக்குமிடத்து, ஒரு சிறு பூகோள பாடமே அங்கு விரிகின்றது. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. நிலைக்கண்ணாடிகள் பெல்ஜியத்திலிருந்தும், சுவரிற் பதிக்கும் பூவோடுகள் இங்கிலாந்திலிருந்தும் யப்பானிலிருந்தும், வார்ப்பிரும்புத் தூண்களும் கிராதிகளும் இங்கிலாந்திலிருந்தும் கப்பலேறின. கூடத்திலே மேனாட்டுச் சரவிளக்குத் தொங்கும்; சுவரிலே இரவிவர்மாவின் அச்சுப்படங்கள் இருக்கும். முகப்பு மதிலின் உச்சியிலே திருமகள் வீற்றிருப்பாள். அவளுக்குப் பக்கத்திலே ஆங்கிலச் சிப்பாய் ஒருவன் சுதையிலே துப்பாக்கியுடன் நிற்பான். இது பொருந்தாச் சேர்க்கை என்று கலைஞர் சிலர் முகஞ்சுளிப்பர். எனக்கு அது அவர்களின் வாழ்க்கைக் குறிப்பாகவே பட்டது. போன இடங்களை மறையாமல், கண்டவற்றையெல்லாம் வீட்டின் நெற்றியில் எழுதி வைத்தனர்.

எனினும், வெளிநாட்டுப் பண்டங்களைக் காட்டிலும் உள்ளூர்க் கைத்திறனே என்னைப் பெரிதும் கவர்ந்தது. சுவர்ப்பூச்சு அவற்றுள் தலையாயது. சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்து, பல படைகளாகப் பூசுவர். இறுதிப் படையிலே கிளிஞ்சற் சுண்ணாம்பையும் முட்டை வெண்கருவையும் குழைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். நூறாண்டு கழிந்தும் அச்சுவர்கள் பளிங்குபோல் மின்னுகின்றன. வெயிலின் கொடுமையிற் சென்ற நான் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தேன். மண்பானையைத் தொட்டாற்போற் குளிர்ந்தது.

மற்றொன்று ஆத்தங்குடிக் கல். அவ்வூரிலே இன்றும் இது கையாலேயே செய்யப்படுகின்றது. சட்டம் ஒன்றினுள் கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேற் பூவுருவ அச்சை நிறுத்தி, வண்ணங் கரைத்த சீமெந்துக் குழம்பை இடங்கள்தோறும் வார்க்கின்றனர். அச்சை எடுத்தபின் உலர்ந்த மணலும் சீமெந்தும் தூவி, அதன்மேற் சாந்தை இட்டு அழுத்துகின்றனர். காய்ந்தபின் சில நாட்கள் நீர்த்தொட்டியில் ஊறவைக்கின்றனர். கண்ணாடி கழன்று விழும்போது அதன் மெருகு கல்லின் முகத்திலே தங்கிவிடுகின்றது. சூளை வேண்டியதில்லை. நடக்க நடக்க ஒளி கூடும் தரை அது. அவ்வப்போது தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பர்.

மழைநீரைப் பேணிய முறையும் குறிப்பிடத்தக்கது. நாற்புறக் கூரைகளும் முற்றத்தை நோக்கிச் சரிகின்றன. விழும் நீர் பீலிகளால் அண்டாக்களிற் பிடிக்கப்படும். எஞ்சியது கிணற்றுக்குப் போகும். தெருவில் ஓடுவது ஊருணியைச் சேரும். வானம் பொய்க்கும் நாட்டிலே ஒரு துளியையும் வீணாக்காத கட்டடம் அது. முற்றத்தின் வழியே வெப்பக் காற்று மேலெழுந்து போக, திண்ணைப் பக்கத்திலிருந்து குளிர்காற்று உள்ளே வரும். மின்விசிறியை அறியாத காலத்தினர் வெயிலை நன்கு அறிந்திருந்தனர்.

நேயர்களே, இவ்வழகையெல்லாம் சொல்லிய நான், அதன் மறுபக்கத்தையும் சொல்லாதொழிந்தால் வரலாறு குறைபடும். 1930 ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் வந்த பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடனைத் தீர்க்கவியலாத பர்மியக் குடியானவர் நிலத்தை இழந்தனர். 1930 இல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல்மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்களவாயிருந்த செட்டியார் நிலவுடைமை, அப்பத்தாண்டின் ஈற்றில் நூற்றுக்கு 25 பங்காயிற்று. பணம் கொடுத்தவர் நிலத்தை விரும்பவில்லை, பணத்தையே விரும்பினர் என்பது உண்மை. ஆனால், தன் கையால் திருத்திய வயலை இழந்தவனுக்கு அவ்வேறுபாடு ஆறுதலாகாது. அயலார்மீது கசப்பு வளர்ந்தது. 1941 ஆம் ஆண்டு ஈற்றில் யப்பானியர் படையெடுத்ததும் இந்தியர் பல்லாயிரவர் கால்நடையாக மலைகளைக் கடந்து ஓடினர். விடுதலை பெற்ற பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கிற்று. 1962 இன் பின்னர் எஞ்சியிருந்தோரும் வெளியேற நேர்ந்தது. செட்டிநாட்டிற் கொத்தனாரின் கரண்டியோசை அடங்கியது.

அதன்பின் வந்தது மெல்லிய அழிவு. பேரர்கள் சென்னைக்கும் பிறநாடுகளுக்கும் சென்றனர். ஒரு வீட்டுக்கு முப்பது, நாற்பது பங்காளிகள் உரிமையாளராயினர். ஓட்டை மாற்ற ஒருவர் இசைந்தால் மற்றவர் இசையார். ஆண்டுக்கொருமுறை பொங்கலுக்கோ திருமணத்துக்கோ திறக்கப்படும் கதவுகள், பின்னர் அதற்கும் திறக்கப்படாதொழிந்தன. ஒழுக்கு ஒரு மூலையில் தொடங்கி உத்தரத்தை உண்டது. பங்கு பிரிக்க வழியின்றி, சில வீடுகள் தூண் தூணாகப் பெயர்த்து விற்கப்பட்டன. காரைக்குடியிலே முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருட் கடைகள் வரிசையாக உள்ளன. அங்கே நிலைகளும் கதவுகளும் சுவரிற் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. எனாமற் சட்டிகளும், சட்டமிட்ட குடும்பப் படங்களுங்கூட விலைக்கு உள்ளன.

நம்பிக்கை தரும் செய்திகளும் இல்லாமல் இல்லை. சில மனைகள் செப்பனிடப்பட்டு விருந்தினர் விடுதிகளாக இயங்குகின்றன. ஆத்தங்குடிக் கல்லுக்குப் புதிய வீடுகளிலும் வரவேற்புண்டு. 2014 இல் இந்திய அரசு செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலிற் சேர்த்தது. தனிக் கட்டடம் ஒன்றை மட்டுமன்றி, தெருவும் ஊருணியும் மனையும் சேர்ந்த ஊரையே மரபுரிமையாகக் கருதியது இதிற் பாராட்டத்தக்க அம்சமாகும்.

இனி, தொடக்கத்தில் ஈற்றிற் கூறுவேன் என்ற காரணத்துக்கு வருகின்றேன்.

நகரத்தார் மலாயாவிலே கடை வைத்திருந்த அதே காலத்தில், யாழ்ப்பாணத்து இளைஞரும் மலாயாவுக்குச் சென்றனர். அவர்கள் கொண்டுபோனது முதலன்று, ஆங்கிலக் கல்வி. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராயமர்ந்து மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பினர். அப்பணத்திலும் வீடுகள் எழுந்தன. அரண்மனைகள் அல்ல, நாற்சார் வீடுகள். நாற்புறமும் சார்பு இறக்கி, நடுவே முற்றம் விட்டு, சுண்ணாம்புக் கல்லாற் சுவரெழுப்பி, பனைமரத்து வளையும் சிலாகையும் இட்டு, ஓடு வேய்ந்த வீடுகள். வாயிலிலே வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறத் திண்ணையோடு கூடிய சங்கப்படலை. எங்கள் வீடும் அத்தகையது. என் பூட்டனார் மலாயாவிற் புகையிரதத்தில் உழைத்த பணத்தாற் கட்டியது. தூண்களின் தலையிலே சுண்ணச்சாந்தாற் செய்த பூவிதழ்கள் இருந்தன. மழைக்காலத்தில் முற்றத்து நீரிற் கடதாசிக் கப்பல் விடுவோம். ஆச்சி விறாந்தையிலிருந்து எங்களை அதட்டுவார்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது நாங்களும் வெளியேறினோம். அன்று எனக்கு இருபது வயது. சில நாட்களில் திரும்பலாம் என்றெண்ணி, ஆச்சி திறப்பை மடியிற் செருகிக்கொண்டு நடந்தார். காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு, எங்கள் முறை வந்தபோது இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றிருந்தன, ஆச்சியும் இல்லை. பற்றைகளை விலக்கிக்கொண்டு உள்ளே சென்றேன். கூரையும் கதவும் நிலையும் இல்லை. சுவர்களும் இல்லை. கிணற்றுக்கட்டும், வாசற்படியின் ஒரு கல்லும், முற்றத்தின் நாற்புற விளிம்பும் மட்டும் இருந்தன. வீடு போயிற்று, வளவு இருந்தது.

அவ்வேளையில் எனக்கு மிகுந்த துயர் தந்தது வீடு போனமையன்று. என் பிள்ளைகளுக்கு அவ்வீட்டை விளக்க முயன்றபோது, என்னால் அது இயலவில்லை. முற்றம் எத்தனை முழம்? தூண்கள் எட்டா, பத்தா? பூவிதழ் எத்தகையது? நிழற்படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. இருபது ஆண்டு வாழ்ந்த வீட்டின் அளவை நான் ஒருநாளும் எடுத்ததில்லை. இருந்தபோது அது இருக்கும் என்றே எண்ணினேன்.

காரைக்குடிக் கடைத்தெருவிலே, சுவரிற் சாய்ந்து நின்ற ஒரு கதவின்முன் நான் நெடுநேரம் நின்றேன். எந்த ஊர்க் கதவு, எந்த வீட்டுக் கதவு என்று கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை. எங்கள் நாட்டில் போர் வீடுகளை அழித்தது. அங்கே போர் இல்லை. பங்கும், தூரமும், கவனமின்மையும் அவ்வேலையைச் செய்கின்றன. முடிவிலோ இருவர்க்கும் எஞ்சுவது பெயர் தெரியாத ஒரு கதவு. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. செட்டிநாட்டு மனைகள் பலவற்றைக் கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்திருக்கின்றனர். ஆகவே, வீடு விழுந்தாலும் அதன் வரைபடம் இருக்கும்.

ஊர் திரும்பியபின் என் பாடசாலையில் உயர்வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சியை ஏற்படுத்தினேன். தத்தம் ஊரில் எஞ்சியுள்ள பழைய வீடொன்றை, உரியவரின் அனுமதியோடு, அளவுநாடா கொண்டு அளந்து நிலப்படம் வரைய வேண்டும். வீட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் அங்குள்ள மூத்தோர் வழங்கும் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். கட்டியவர் எந்நாட்டில் உழைத்தார், எந்தக் கல், எந்த மரம் என்பவற்றையும் குறிக்க வேண்டும். முதல் ஆண்டில் பதினொரு வீடுகளின் படங்கள் சேர்ந்தன. அடுத்த ஆண்டு சென்று பார்த்தபோது அவற்றுள் ஒன்று இடிக்கப்பட்டுப் புதிய மாடிவீடு எழத் தொடங்கியிருந்தது. உரிமையாளரைக் குறைகூற நான் விரும்பவில்லை. ஒழுகும் வீட்டில் வாழுமாறு எவரையும் வற்புறுத்த முடியாது. அவ்வீட்டின் படம் எங்கள் பாடசாலை நூல்நிலையத்தில் இருக்கின்றது. அதனைப் பார்க்க அவ்வுரிமையாளரே ஒருநாள் தம் மகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார்.

அன்பான நேயர்களே, மாளிகையாயினும் நாற்சார் வீடாயினும், கடல்கடந்து உழைத்த ஒருவரின் ஏக்கமும், ஊரிலிருந்து அதனை நடத்திய ஒருத்தியின் பொறுப்பும், பெயர் எழுதாத தச்சர் கொத்தரின் கைத்திறனும் அதனுள் அடங்கியுள்ளன. அவை யாவற்றையும் நாம் காப்பாற்றிவிட முடியாது. ஆனால், உங்கள் ஊரிலும் ஒரு பழைய வீடு இருக்கக்கூடும். இவ்வாரத்தில் ஒருநாள் ஒரு கயிற்றையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு அங்கே செல்லுங்கள். முற்றத்தை அளந்து, தூண்களை எண்ணி, அங்கிருக்கும் முதியவரிடம் பெயர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்தால், இவ்வுரை பயன்பெற்றதாகக் கருதுவேன்.